கல்முளையின் வயதைச் சொல்வது கார்பன் அன்று

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மேகாலயாவின் மௌம்லூ குகையைப் பற்றித் தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் வெளியான கட்டுரையைப் படித்தேன். சிரபுஞ்சிக்கு அருகிலுள்ள அக்குகையின் கல்முளை (சொட்டும் நீரால் குகைத் தரையிலிருந்து மேல்நோக்கி வளரும் சுண்ணாம்புப் படிவு) ஒன்றை அடையாளமாகக் கொண்டு, நாம் வாழும் நிலவியல் காலப்பிரிவான 'மேகாலயன் காலம்' சுமார் 4,200 ஆண்டுகளுக்கு முன் தொடங்கியதாகப் பன்னாட்டு நிலவியல் அறிவியல் ஒன்றியம் 2018-இல் ஏற்றுக்கொண்ட செய்தியை விரிவாகத் தந்தமைக்கு நன்றி. ஆயினும், அக்கல்முளையின் வயது 'கார்பன் சோதனையால்' கணிக்கப்பட்டது என்று எழுதியிருப்பது தவறு. அதைக் கணித்தது யுரேனியம்-தோரியம் முறை. சிறிய பிழைதானே என்று இதை விட்டுவிட முடியாது. வயதை நம்பகமாகக் கணிக்க முடிவதால்தான் குகைப் படிவுகளுக்கு ஆய்வுலகில் இத்தனை மதிப்பு.

மண்ணின் வழியே இறங்கும் மழைநீர் அங்குள்ள கரியமில வாயுவை ஏற்று, சுண்ணாம்புப் பாறையைக் கரைத்துக்கொண்டு குகைக்குள் சொட்டுகிறது. பாறையிலிருந்து வரும் கார்பன் பல லட்சம் ஆண்டுகளுக்கும் முற்பட்டது. கார்பன் சோதனை அளப்பது, காலப்போக்கில் சிதைந்து குறையும் கார்பன்-14 எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்பதை; பாறையின் கார்பனில் அது மிச்சமே இராது. அந்தப் பழைய கார்பனும் கலந்திருப்பதால், நேற்றுப் படிந்த படலத்தைக்கூடக் கார்பன் சோதனை பழையதாகக் காட்டிவிடும். யுரேனியத்தின் கதை வேறு. அது நீரில் கரையும், தோரியம் அநேகமாகக் கரையாது. ஆகவே புதிதாகப் படியும் கால்சைட்டில் (கல்முளையை உருவாக்கும் சுண்ணாம்புக் கனிமத்தில்) யுரேனியம் இருக்கும், தோரியம் இருக்காது. பின்னர் யுரேனியம்-234 சிதைந்து தோரியம்-230 சேரச் சேர, இரண்டின் விகிதமே கடிகாரமாகிறது. சேறு கலந்த படலத்தில் வெளியிலிருந்து வந்த தோரியமும் இருக்கும் என்பதால், அதைக் கழித்தே கணக்கிடுவார்கள். சுமார் 6 லட்சம் ஆண்டுகள் வரை இம்முறை செல்லும். கார்பன்-14 ஏறத்தாழ 50,000 ஆண்டுகளோடு நின்றுவிடும்.

கல்முளையை மழைமானி என்று கட்டுரையாளர் வர்ணித்ததிலும் சற்று எச்சரிக்கை வேண்டும். நெடுக்காக அறுத்து மெருகேற்றிய கல்முளையில், மையக்கோட்டையொட்டி நுண்ணிய துளையிட்டு எடுக்கும் சிட்டிகைக்கும் குறைவான பொடியில் அளக்கப்படுவது ஆக்சிஜன்-18, ஆக்சிஜன்-16 ஆகியவற்றின் விகிதம்தான். மழையின் மில்லிமீட்டர் கணக்கு அன்று. பருவமழை வலுத்த காலங்களில் கனமான ஆக்சிஜன்-18 பொதுவாகக் குறைந்திருக்கும் என்பது உண்மையே. ஆனால் ஈரப்பதம் எந்தக் கடலிலிருந்து வந்தது, வரும் வழியில் எவ்வளவு பொழிந்து தீர்ந்தது என்பவையும் அவ்விகிதத்தை மாற்றும். சீனக் குகைகளின் நீண்ட பதிவுகளைப் பற்றி இன்றும் இவ்விவாதம் ஓயவில்லை.

அதே மௌம்லூ குகையின் வேறு கல்முளைகளை மேலும் நெருக்கமான வயதுக் கணிப்புகளோடு ஆராய்ந்தவர்கள், மேகாலயன் காலத்தின் தொடக்கத்தைக் குறிக்கும் 4,200 ஆண்டுகளுக்கு முந்தைய வறட்சியின் காலமும் போக்கும், அடையாளமாகக் கொண்ட முதல் கல்முளையின் பதிவிலிருந்து வேறுபடுவதைக் கண்டிருக்கிறார்கள். ஆகவே, அந்த ஒரே வறட்சி சிந்துவெளி நகரங்களை அழித்தது என்று கட்டுரை அடித்துச் சொல்வதற்குப் போதிய சான்று இல்லை. வயதுக் கணிப்பைப் பற்றிய திருத்தத்தையாவது அடுத்த ஞாயிறு இணைப்பில் வெளியிட வேண்டுகிறேன். போட்டித் தேர்வுக்குப் படிப்போர் பலர் இத்தகைய கட்டுரைகளை வெட்டி வைத்துக்கொள்கிறார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நிலவியல் ஆசிரியர்,
சேலம்.