பாசிசமும் வாக்காளர் இடாப்பும்

ஆசிரியர் அவர்களுக்கு,

பாசிசத்துக்குத் துப்பாக்கியின் பாஷை மட்டும்தான் விளங்கும், 1945 அதற்குச் சாட்சி என்று தெஹிவளையிலிருந்து ஓர் இளைஞர் இந்தப் பகுதிக்கு எழுதியிருந்தார். அவருடைய கோபம் எனக்கு விளங்குகிறது. இந்த நாட்டில் தமிழராகப் பிறந்த எவருக்கும் விளங்கும். அவருடைய முடிவை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. நான் புறக்கோட்டை மொத்த வியாபாரக் கடைகளில் கணக்கெழுதி ஓய்வுபெற்றவன். கொஞ்சம் நீட்டி எழுதுவதைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஹிட்லரின் படையைப் படைதான் தோற்கடித்தது. சோவியத் யூனியன் மட்டும் அதற்கு இரண்டரைக் கோடிக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொடுத்தது. நாஜிகளின் கொலை முகாமான அவுஷ்விட்ஸை விடுவித்ததும் சோவியத் செஞ்சேனைதான். 1942 ஏப்ரல் 5, உயிர்த்த ஞாயிறன்று ஜப்பானிய விமானங்கள் நம்முடைய கொழும்புத் துறைமுகத்தில் குண்டு போட்டபோது சத்தியாக்கிரகம் இருந்து அவற்றை யாரும் திருப்பியனுப்பவில்லை. இதையெல்லாம் நான் மறுக்கவில்லை. ஆனால் ஸ்பெயினில் 1936 முதல் 1939 வரை பாசிசத்துக்கு எதிராக ஆயுதம் ஏந்தித்தான் போராடினார்கள். தோற்றார்கள். வென்ற சர்வாதிகாரி பிராங்கோ 1975 வரை ஆண்டு, நோயில் படுத்துத்தான் செத்தார். ஜெர்மனியின் கணக்கையும் முதல் பக்கத்திலிருந்து பார்க்க வேண்டும். 1932 நவம்பர் தேர்தலில் நாஜிகளுக்குக் கிடைத்தது 196 ஆசனம். சமூக ஜனநாயகக் கட்சிக்கு 121, கம்யூனிஸ்டுகளுக்கு 100. கூட்டிப் பாருங்கள். அந்த இரண்டு கட்சிகளும் ஒன்றையொன்று பரம எதிரியாக நினைத்துக்கொண்டிருந்தன. மூன்று மாதத்துக்குள் ஹிட்லர் பிரதமரானார்.

அதே ஜெர்மனியில் 1920 மார்ச்சில் நடந்ததை அந்த இளைஞர் தேடிப் படிக்க வேண்டும். ஹெல்மெட்டில் ஸ்வஸ்திகா வரைந்த ஒரு படையணி பேர்லினுக்குள் புகுந்து, காப் என்பவரை ஆட்சியில் உட்கார வைத்தது. அவர்களைச் சுட இராணுவத் தளபதிகள் மறுத்துவிட்டார்கள். அரசாங்கம் ஊரை விட்டு ஓடியது. தொழிலாளர்கள் பொது வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். ரயிலும் டிராமும் ஓடவில்லை, மின்சாரம் இல்லை, பத்திரிகை வரவில்லை. அரசு ஊழியர்கள் காப்பின் கட்டளைகளை ஏற்கவில்லை. மத்திய வங்கி அவருக்குக் காசு கொடுக்கவில்லை. 13ஆம் தேதி வந்தவர் 17ஆம் தேதி ஓடிப்போனார். அதற்குப் பிறகு ரூர் பகுதியில் தொழிலாளர்கள் துப்பாக்கி தூக்கினார்கள். காப்பின் ஆட்களைச் சுட மறுத்த அதே இராணுவம் தொழிலாளர்களைச் சுடத் தயங்கவில்லை. சில வாரத்தில் எல்லாம் நசுக்கப்பட்டது.

நான் சொல்ல வருவது இதுதான்: பாசிசம் தானாக நடக்காது. அதற்கு எழுதுவினைஞர் வேண்டும், அச்சுக்கூடம் வேண்டும், பஸ் சாரதி வேண்டும், பெயர்ப் பட்டியல் இருக்கும் இடாப்பு வேண்டும்.

இடாப்பை நான் பார்த்திருக்கிறேன். 1983 ஜூலையில் தமிழருக்கு எதிரான கலவரம் வந்தபோது நாங்கள் வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஓர் ஒழுங்கையில் வாடகைக்கு இருந்தோம். வந்த கும்பலில் எல்லார் கையிலும் பொல்லு இருந்தது. முன்னால் வந்தவன் கையில் மட்டும் கடதாசி. மடித்து மடித்து ஓரம் கறுத்துப்போன வாக்காளர் இடாப்பு. விரலை வைத்து ஒவ்வொரு இலக்கமாக வாசித்துக்கொண்டு வந்தான். எங்கள் வீட்டுக்கு முன்னால் நின்று ஒரு சிங்களப் பெயரை வாசித்தான். எங்களுக்கு முன்னர் அங்கே குடியிருந்தவரின் பெயர் அது. இடாப்பு இன்னும் திருத்தப்படவில்லை. ஜன்னல் பலகைக்குப் பின்னால் மூச்சை அடக்கிக்கொண்டு நின்ற எங்களைத் தாண்டி அடுத்த கேற்றுக்குப் போனார்கள். அந்தப் பெயர் தமிழ்ப் பெயர். அந்த வீட்டுக்காரர் பிள்ளைகளோடு ரயில் பாதைப் பக்கம் ஓடித் தப்பினார்கள். வீடு எரிந்தது.

அந்தக் கடதாசி ஏதோ ஒரு கந்தோரிலிருந்து வந்தது. யாரோ தட்டச்சு செய்தது, யாரோ அலுமாரியிலிருந்து எடுத்துக் கொடுத்தது. கொடுத்தவர் பொல்லுத் தூக்கியிருக்க மாட்டார். பின்னேரம் வழக்கம்போல வீட்டுக்குப் போயிருப்பார். இந்த வயதிலும் நான் அதிகம் யோசிப்பது அந்த ஆளைப் பற்றித்தான். "இது தேர்தலுக்கான ஆவணம், தர முடியாது" என்று ஓரிரு கந்தோர்களிலாவது சொல்லியிருந்தால் எத்தனை ஒழுங்கைகள் தப்பியிருக்கும்?

சொன்னவர்கள் உலகத்தில் இருந்தார்கள். 1942இல் நாஜிகள் பிடித்துவைத்திருந்த நோர்வேயில், எல்லா ஆசிரியரும் பாசிசச் சங்கத்தில் சேர வேண்டும் என்று நாஜிகளின் கைப்பாவையான குவிஸ்லிங் அரசாங்கம் சட்டம் போட்டது. பெரும்பாலான ஆசிரியர்கள் ஒரே வாசகத்தைத் தனித்தனிக் கடிதமாக எழுதி மறுத்தார்கள். ஆயிரம் பேர் வரையில் பிடித்து, அதில் பாதிப் பேரை வட துருவப் பக்கம் வேலை முகாமுக்கு அனுப்பினார்கள். அப்படியும் அவர்கள் மசியவில்லை. கடைசியில் அரசாங்கம்தான் திட்டத்தைக் கைவிட்டது. அதே நாட்டில், அதே ஆண்டில், யூதர்கள் படிவம் நிரப்பிக் கொடுக்க வைக்கப்பட்டார்கள். அந்தப் படிவங்களை வைத்துக்கொண்டு நோர்வே பொலிஸ்காரர்களே வீடு வீடாகப் போனார்கள். நவம்பர் 26 அன்று ஒஸ்லோ துறைமுகத்திலிருந்து ஐந்நூறுக்கும் மேற்பட்டவர்கள் கப்பலில் ஏற்றப்பட்டார்கள். போய்ச் சேர்ந்த இடம் அவுஷ்விட்ஸ். ஆசிரியர்கள் மறுத்த வேலை நின்றுபோனது. பொலிஸ் மறுக்காத வேலை நடந்து முடிந்தது.

சரி, நம்முடைய துப்பாக்கி என்ன செய்தது? 1983 ஜூலை 23 அன்று யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் புலிகளின் தாக்குதலில் 13 படையினர் கொல்லப்பட்டார்கள். கையில் இடாப்போடு காத்திருந்தவர்களுக்குச் சாட்டு கிடைத்தது. அது இல்லாவிட்டால் வேறு சாட்டு தேடியிருப்பார்கள், உண்மை. ஆனாலும் அடி வாங்கியது கொழும்பில் கடையும் வீடும் வைத்திருந்த, துப்பாக்கியைக் கண்ணால் காணாத சனங்கள். பிறகு அந்தத் துப்பாக்கி உள்ளுக்குத் திரும்பியது. எல்லா ஆயுதங்களையும் கேள்வி கேட்ட பல்கலைக்கழக மருத்துவ விரிவுரையாளர் ராஜினி திராணகம 1989 செப்டம்பர் 21 அன்று யாழ்ப்பாணத்தில் சுட்டுக் கொல்லப்பட்டார். 1990 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்து முஸ்லிம்களை இரண்டு மணி நேர அவகாசத்தில் வெளியேற்றினோம். "புலிகள் வெளியேற்றினார்கள்" என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. அன்று எங்களில் எத்தனை பேர் வாய் திறந்தோம்? ஓர் இனத்தின் பெயரைச் சொல்லி வீடு வீடாக ஆட்களை வெளியே வரச் சொன்னால் அதற்குப் பெயர் பாசிசம்தான். எந்தப் பாஷையில் சொன்னாலும் அதுதான்.

2007 ஜூன் 7 விடியற்காலை கொட்டாஞ்சேனையில் என் வீட்டுக்கு அருகில் இருந்த லொட்ஜுக்குப் பொலிஸ் வந்தது. புறக்கோட்டை, வெள்ளவத்தை லொட்ஜ்களிலும் இதுதான் நடந்தது. வடக்கு கிழக்குத் தமிழர்கள் கொழும்பில் நிற்கக் காரணமில்லை என்று சொல்லி, அரை மணி நேரத்தில் மூட்டை கட்டச் சொன்னார்கள். ஒரு பெண் கடவுச்சீட்டு விண்ணப்பக் கோப்பை மார்போடு அணைத்தபடி பஸ்ஸில் ஏறினாள். காலில் செருப்பில்லை. முன்னூறுக்கும் மேற்பட்டவர்கள் இப்படி வவுனியாவுக்கும் கிழக்குக்கும் அனுப்பப்பட்டார்கள். அந்த நேரத்தில் புலிகளிடம் பீரங்கி இருந்தது, குண்டு போடும் விமானமும் இருந்தது. அவற்றால் அந்த பஸ்ஸை நிறுத்த முடியவில்லை. மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் என்ற அமைப்பு உயர் நீதிமன்றத்துக்கு மனுப் போட்டது. அடுத்த நாளே இடைக்காலத் தடை வந்தது. அரசாங்கம் ஆட்களைத் திருப்பிக் கொண்டுவந்தது. பிரதமர் ரத்னசிறி விக்கிரமநாயக்க வருத்தம் தெரிவித்தார்.

கொரோனா காலத்தில் முஸ்லிம்களின் உடல்களைக் கட்டாயமாக எரித்தபோதும் இதைக் கண்டேன். 2020 டிசம்பரில் பிறந்து 20 நாளான ஒரு குழந்தையைப் பெற்றோரின் விருப்பத்துக்கு மாறாக எரித்தார்கள். அதற்குப் பிறகு பொரளைக் கனத்தை மயானத்தின் வேலியில் சனங்கள் வெள்ளைத் துணி கட்டத் தொடங்கினார்கள். நானும் போய்க் கட்டினேன். இரவில் யாரோ அவிழ்த்துக்கொண்டு போனார்கள், மறுபடியும் கட்டினோம். எனக்குப் பக்கத்தில் நின்று கட்டியவர்களில் சிங்களப் பிள்ளைகள் இருந்தார்கள். 1983இல் கொழும்பில் முதல் அடி விழுந்தது, அந்த 13 படையினரின் இறுதிச் சடங்குக்காக அந்தக் கனத்தைக்கு வந்த கூட்டத்திலிருந்துதான் என்பதை அவர்களுக்குச் சொன்னேன். சிலருக்கு அது தெரிந்திருக்கவில்லை. 2021 பெப்ரவரியில் அடக்கம் செய்ய வர்த்தமானி வந்தது. ஜெனீவாவில் ஐ.நா. மனித உரிமைகள் பேரவையின் அழுத்தமும் முஸ்லிம் நாடுகளின் அழுத்தமும் அதில் சேர்ந்திருந்தன. துணி மட்டும் சாதித்தது என்று நான் சொல்ல மாட்டேன்.

2022ஐ எல்லாரும் பார்த்தோம். மே 6 ஹர்த்தாலில் நாடு நின்றது. ஜூலை 9 காலையில் ரயில் ஓடியது, சனம் கொழும்புக்கு வந்தது. ஐந்து நாளில் ஜனாதிபதி பதவி விலகினார். இடையில் மே 9 அன்று காலிமுகத்திடலில் போராட்டக்காரரை ஆளுங்கட்சி ஆட்கள் அடித்தார்கள். அன்றிரவு பழிக்குப் பழியாக வீடுகள் எரிந்தன. மறுநாள், கண்டதும் சுடும் உத்தரவு வந்தது.

தெஹிவளைத் தம்பிக்கும் அவரை ஒத்த பிள்ளைகளுக்கும் ஒன்று சொல்கிறேன். நீங்கள் வங்கியில், மாநகர சபையில், பிரதேச செயலகத்தில், அச்சகத்தில், தொலைபேசிக் கம்பனியில் வேலைக்குப் போகப் போகிறவர்கள். இன்றைக்கு இடாப்பு கணினியில் இருக்கிறது. இனவாரியாகவோ மதவாரியாகவோ பெயர் பிரித்துத் தரச் சொல்லி மேலிருந்து யாராவது கேட்டால், எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவு என்று எழுத்தில் கேளுங்கள். தனியாகக் கேட்காதீர்கள். சங்கத்தில் சேர்ந்து, சிங்கள, முஸ்லிம் சக ஊழியர்களோடு சேர்ந்து கேளுங்கள். வீட்டில் இருப்பவர்கள், போருக்குப் பிறகும் எங்கள் கதவைத் தட்டிய பொலிஸ் பதிவுப் படிவத்தைப் பற்றியும் அதே கேள்வியைக் கேட்க வேண்டும். சிங்களத்தில் மட்டும் இருந்தால் தமிழில் தரச் சொல்லுங்கள். நிரப்ப முன்னர் ஒரு பிரதி எடுத்து மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு அனுப்புங்கள். அப்படிப் படிவம் கிடைத்தவர்கள் இந்தப் பத்திரிகைக்கும் எழுதினால், எந்த வீதியில் எந்தத் தேதியில் வந்தது என்பதை நீங்கள் பிரசுரிக்க வேண்டும் என்று ஆசிரியரைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணக்கப்பிள்ளை,
கொட்டாஞ்சேனை, கொழும்பு 13