அப்பாவுக்குத் தண்ணீர் இறங்கத் துணை நின்றவர்களுக்கு

அன்புள்ள எல்லாருக்கும்,

போன செவ்வாய்க்கிழமை காலையில் அப்பா பல் தேய்த்து, வாய் கொப்பளித்து, திண்ணையில் நிமிர்ந்து உட்கார்ந்து அரை தம்ளர் தண்ணீர் குடித்தார். மாவு எதுவும் கலக்காத, காய்ச்சி ஆறவைத்த வெறும் தண்ணீர். இருமவில்லை. குடித்து முடித்ததும் 'ஆ' என்று இழுத்துக் காட்டினார். குரல் தெளிவாக இருந்தது. அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். பக்கவாதத்தில் விழுங்கச் சிரமப்பட்ட அப்பாவுக்கு ஏழு மாதம் காத்திருந்து கிடைத்த அரை தம்ளர் அது. அதற்குக் கைகொடுத்த ஒவ்வொருவருக்கும் நேரில் வந்து நன்றி சொல்லத்தான் ஆசை. இப்போதைக்கு இந்த மடல்.

எங்களைத் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. அப்பா நாற்பது வருஷம் கல்யாண வீடுகளில் சமைத்தவர். சேரன்மகாதேவி, வீரவநல்லூர், கல்லிடைக்குறிச்சி என்று ஆற்றங்கரை ஊர்களில், தேங்காய்ப்பாலில் வைக்கும் மறுவீட்டுச் சொதி என்றாலே அவரைத்தான் தேடி வருவார்கள். ஒரு நாள் விடியற்காலையில் பக்கவாதம் வந்தது. வலது கையும் காலும் விழுந்தன, வாய் கோணியது, பேச்சு குழறியது. தொண்டையும் கூடவே பாதிக்கப்பட்டிருந்தது எங்கள் யாருக்கும் தெரியவில்லை.

ஆஸ்பத்திரியில் அவருக்கு முதலில் தண்ணீர் கொடுத்தது நான்தான். எச்சில் படாமல் அண்ணாந்து குடித்தே பழகிய மனிதர். தலையைப் பின்னால் சாய்த்துப் பிடித்து ஊற்றினேன். புரையேறியது. உச்சந்தலையில் தட்டி, "யாரோ உங்களை நினைக்கிறாங்கப்பா" என்றேன். நாலைந்து வாய்க்குப் பிறகு இருமல் நின்றுவிட்டது. பழகிக்கொண்டார் என்று சந்தோஷப்பட்டேன். இரண்டே நாளில் காய்ச்சல், மூச்சிரைப்பு. நிமோனியா என்றார்கள்.

அன்று ராத்திரி டூட்டியில் இருந்த நர்ஸ் அம்மாவுக்குத்தான் முதல் நன்றி. என்னை ஒரு சொல் கடிந்து பேசவில்லை. "அக்கா, குடிச்ச பிறகு அப்பா குரல் எப்படி இருக்குன்னு கவனிச்சீங்களா?" என்று மட்டும் கேட்டார். அப்போதுதான் காது கொடுத்துக் கேட்டேன். தண்ணீருக்குள்ளிருந்து பேசுவதுபோல நனைந்த குரல். வாய்வழியாக எதுவும் தரக்கூடாது என்று உடனே நிறுத்தி, டாக்டரிடம் சொல்லி, மறுநாள் காலையிலேயே ஸ்பீச் தெரபிஸ்டை வரவழைத்தது நீங்கள்தான். பக்கவாதம் வந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு முதல் நாட்களில் விழுங்குவதில் சிக்கல் இருக்கும் என்பது பின்னால்தான் தெரிந்தது. முதல் வாய்த் தண்ணீருக்கு முன்னாலேயே அதைப் பரிசோதித்துவிட வேண்டும். இதை நான் இப்போது பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

அடுத்து தெரபிஸ்ட் தங்கச்சி. பேச்சு சொல்லித் தருகிறவருக்குத் தொண்டையில் என்ன வேலை என்றுதான் முதலில் நினைத்தோம். நீங்கள் அப்பாவின் கழுத்தில் நாலு விரலை வைத்து, கரண்டி நுனி அளவு தண்ணீர் கொடுத்து, குரல்வளை மேலே ஏறுகிறதா என்று தொட்டுப் பார்த்தீர்கள். பிறகு என் விரலையும் என் கழுத்திலேயே வைக்கச் சொல்லி எச்சிலை விழுங்கச் சொன்னீர்கள். ஒவ்வொரு முறை விழுங்கும்போதும் குரல்வளை எழும்பி, அதன் மேலுள்ள மூடி மடங்கி, மூச்சு ஒரு கணம் நின்று, மூச்சுவழி அடைபட்டு, சாப்பாடு உணவுக்குழாய்க்குள் இறங்கிய பிறகுதான் மறுபடி திறக்கிறது. ஐம்பது வயதில் அன்றைக்குத்தான் அது எனக்குத் தெரியும். அப்பாவுக்கு அந்தக் கதவு கொஞ்சம் தாமதமாக மூடியது. தண்ணீரோ வேகமாக ஓடும். கதவு மூடுமுன் மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். தண்ணீர்தான் எல்லாவற்றிலும் லேசானது என்று நினைத்திருந்தோம். அவருக்கு அதுதான் எல்லாவற்றிலும் கடினம்.

வீடியோ எக்ஸ்ரே எடுத்த தம்பிக்கு நன்றி. எக்ஸ்ரேயில் தெரியும் பேரியம் என்ற பொருள் கலந்த கரைசலை அப்பா விழுங்க, திரையில் அது கறுப்புக் கோடாய் இறங்கியது. ஒரு இழை பிரிந்து மூச்சுக்குழாய்ப் பக்கம் நழுவியது. அப்பா இருமவே இல்லை. அன்று இருமல் நின்றபோது நான் சந்தோஷப்பட்டேனே, அதன் அர்த்தம் அந்தத் திரையில்தான் எனக்கு விளங்கியது. புரையேறியதே அவருக்குத் தெரியாமல் போயிருக்கிறது. அடுத்து தாடையை நெஞ்சுப் பக்கம் இறக்கி, கொஞ்சம் கெட்டியான கரைசலை விழுங்கச் சொன்னார்கள். கோடு நேர்வழியில் போனது. அண்ணாந்து குடிப்பதற்கு நேர் எதிரான நிலை! ஒரு மகளுக்குப் புரியவேண்டுமே என்று நீங்கள் அந்தப் படத்தை மூன்று முறை ஓட்டிக் காட்டினீர்கள். வெளியே வரிசை நீண்டிருந்தது எனக்குத் தெரியும்.

நான் பார்த்தே இராத சிலருக்கும் இங்கே நன்றி சொல்லவேண்டும். இந்த எக்ஸ்ரே முறையை விழுங்கும் சிக்கலுக்கென்று வளர்த்தெடுத்தவர்களில் முதன்மையானவர் ஜெரி லோகமன் என்ற அமெரிக்கப் பேராசிரியை. 1983இல் இதற்கென்றே ஒரு பாடநூல் எழுதினார். 2014இல் காலமாகிவிட்டார். மூக்கு வழியாக மெல்லிய கேமராக் குழாயை விட்டு விழுங்குவதைப் பார்க்கும் முறையை 1988இல் எழுதி வெளியிட்டவர்கள் சூசன் லாங்மோரும் அவருடைய சகாக்களும். அதே லாங்மோர் 1998இல் இன்னொன்றும் காட்டினார். விழுங்கும் கோளாறு மட்டுமே நிமோனியாவைக் கொண்டுவருவதில்லை. சொத்தைப் பற்கள், வாய் சுத்தத்துக்கும் ஊட்டிவிடுவதற்கும் பிறரை நம்பியிருக்கும் நிலை, இவையும் சேர்ந்துதான் கொண்டுவருகின்றன. தெரபிஸ்ட் தங்கச்சி இதைச் சொன்ன நாளிலிருந்து எங்கள் வீட்டில் மருந்துக்கு முன் பிரஷ். மூக்கு வழியாக வயிற்றுக்கு ஆகாரம் செலுத்தும் ரைல்ஸ் டியூப் இருந்த நாட்களிலும், வாயால் ஒன்றும் சாப்பிடாதபோதும், மூன்று வேளை பல் தேய்த்துவிட்டோம்.

டியூப் எடுத்த பிறகுதான் அடுப்படி வேலை ஆரம்பித்தது. பல நாட்டு வல்லுநர்கள் சேர்ந்து 2015இல் வெளியிட்ட ஓர் அளவுகோல் இருக்கிறது. தண்ணீருக்கு 0, வழக்கமான சாப்பாட்டுக்கு 7 என்று எட்டு நிலைகள். அப்பாவுக்குக் குடிக்கிறதெல்லாம், வேகமாக ஓடாதபடி மாவு கலந்து கொஞ்சம் கெட்டியாக, இரண்டாம் நிலையில் இருக்கவேண்டும். அளக்க ஊசியில்லாத 10 மில்லி சிரிஞ்சு போதும். சிரிஞ்சின் மூக்கை விரலால் பொத்திக்கொண்டு 10 மில்லி ஊற்றி, விரலை எடுத்து, 10 விநாடி ஓடவிட்டு மறுபடி பொத்தவேண்டும். உள்ளே 4 முதல் 8 மில்லி வரை நின்றால் சரி. இதற்காகச் சிரிஞ்சுகளை எடுத்து வைத்திருந்து கொடுத்த மெடிக்கல் அண்ணாச்சிக்கும், கூவைமாவு இடித்துச் சலித்துக் கொண்டுவந்து தந்த எதிர்வீட்டு ஆச்சிக்கும் எப்படி நன்றி சொல்ல?

முதல் வாரம் எனக்குப் பக்குவம் பிடிபடவில்லை. அடுப்பில் சரியாக இருக்கும் கஞ்சி, ஆறினால் இறுகிவிடும். அப்புறம் கட்டிலை அடுப்படி வாசலுக்கு இழுத்துப் போட்டோம். அப்பா கரண்டியிலிருந்து விழுவதைப் பார்த்தபடி இடது கையால் சைகை காட்டுவார்: இன்னும் ஒரு கொதி, போதும், இறக்கு. சிரிஞ்சில் ஊற்றினால் ஆறு மில்லியில் நிற்கும்! தெரபிஸ்ட் தங்கச்சி அதைப் பார்த்துவிட்டு, "இனிமே மத்தவங்களுக்கு உங்க அப்பாவை வெச்சே சொல்லிக் கொடுக்கலாம்" என்றார். பக்கவாதத்துக்குப் பிறகு அப்பா சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். அந்தச் சிரிப்புக்கும் சேர்த்து நன்றி.

பார்க்க வந்தவர்கள் பாசத்தோடு அல்வா கொண்டுவந்தீர்கள். லேசான ஆகாரம் என்று பழைய சோறு கொடுக்கச் சொன்னீர்கள். வாங்கி வைத்துவிட்டு ஏன் கொடுக்கவில்லை என்று சிலருக்கு மனத்தாங்கல் இருந்திருக்கும். அல்வா தொண்டையில் ஒட்டும். பழைய சோற்றில் நீராகாரம் முந்திக்கொண்டு ஓட, சோறு வாயிலேயே நிற்கும். இரண்டையும் ஒரே நேரத்தில் சமாளிக்க அவரால் முடியாது. வேறு காரணம் இல்லை.

பயிற்சிக்கு நன்றி சொல்ல வேண்டியது அப்பாவின் பேரனுக்கு. ரேசா ஷேக்கர் என்ற மருத்துவர் 1997இல் எழுதிய பயிற்சி அது. மல்லாந்து படுத்து, தோளைத் தூக்காமல் தலையை மட்டும் தூக்கிக் கால் விரலைப் பார்க்கவேண்டும். ஒரு நிமிஷம் வீதம் மூன்று தடவை, பிறகு தொடர்ந்து தூக்கி இறக்கி முப்பது தடவை. இப்படி ஒரு நாளைக்கு மூன்று வேளை, ஆறு வாரம். அப்பாவால் முதலில் பத்து விநாடிகூட முடியவில்லை. பேரன் கட்டிலின் காலடியில் உட்கார்ந்து, தாத்தாவின் கட்டை விரல் பக்கத்தில் தன் விரல்களை மடக்கி நீட்டி "எத்தனை, சொல்லுங்க" என்பான். அதைப் பார்க்கிற சாக்கில் அவர் தலையைத் தூக்கினார். ஐந்தாம் வாரத்தில் ஒரு நிமிஷம் நிறைந்தது.

தண்ணீர் விஷயம் மட்டும் கடைசிவரை வேதனை. தாமிரபரணிக் கரையில் பிறந்தவர் மாவு கலந்த தண்ணீரைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொள்வார். நாக்கு வறண்டு கிடக்கும். அமெரிக்காவில் லூயிவில் நகரிலுள்ள ஃபிரேசியர் மறுவாழ்வு மையத்தில் 1984இல் தொடங்கிய ஒரு முறையைத் தெரபிஸ்ட் தங்கச்சி டாக்டரிடம் எடுத்துச் சொன்னார். சாப்பாட்டோடு தண்ணீர் கிடையாது. சாப்பிட்டு அரை மணி நேரம் கழிந்து, வாயைச் சுத்தமாகக் கழுவிய பிறகு, நிமிர்ந்து உட்கார்ந்து, வெறும் தண்ணீர் கொஞ்சம். சுத்தமான வாயிலிருந்து சுத்தமான தண்ணீர் சிறிது நழுவினாலும் நுரையீரல் அதைத் தாங்கிக்கொள்ளும் என்பதுதான் இதன் கணக்கு. எல்லாருக்கும் இது பொருந்தாது, அப்பாவின் நுரையீரல் தேறிவிட்டதால் பார்க்கலாம் என்று யோசித்துத்தான் டாக்டர் சம்மதித்தார். ஒரு கரண்டியில் தொடங்கி, இரண்டு வாய், கால் தம்ளர், போன செவ்வாய் அரை தம்ளர். முதல் கரண்டியை வாயில் வைத்துக்கொண்டு அவர் வெகுநேரம் விழுங்காமல் இருந்தார். பயந்துபோய் "என்னப்பா?" என்றேன். விழுங்கிவிட்டு, "நம்ம தண்ணி" என்றார்.

அடுத்த மாசம் முதல் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எங்கள் வீட்டில் சொதிச் சாப்பாடு, இஞ்சித் துவையலோடு. அப்பாவால் நின்று சமைக்க முடியாது. அடுப்படியில் நாற்காலி போட்டு உட்காருவார், நான் கிண்டுவேன், முதல் பால் ஊற்றும் நேரத்தை அவர் சொல்வார். அவருக்கு மட்டும் காய் மசித்து, வடிகட்டி, சிரிஞ்சில் அளந்து. நர்ஸ் அம்மா, தங்கச்சி, எக்ஸ்ரே தம்பி, அண்ணாச்சி, ஆச்சி, எல்லாரும் வந்துவிடுங்கள். ராத்திரியும் பகலுமாய்ப் பாளையங்கோட்டைக்கு ஆட்டோ ஓட்டிய அண்ணன், உங்களையும் சேர்த்துத்தான்.

அன்புடன்,
அப்பாவின் மூத்த மகள்,
சேரன்மகாதேவி