சனிக்கிழமை கார் ஓட்டலாமா?

ஆசிரியருக்கு,

ஞாயிறு இணைப்பில் யூத மதம் பற்றிய கட்டுரை நன்று. ஆனால் பிரிவுகளை ஒரே வரியில் தாண்டிவிட்டீர்களே! யூதர்களின் சனிக்கிழமை ஓய்வுநாளில் கார் ஓட்டலாமா என்ற கேள்வியே வித்தியாசத்தைக் காட்டிவிடும். வெள்ளி மாலை சூரியன் சாய்வதற்குள் மெழுகுவர்த்தி ஏற்றிவிடுவார்கள். அப்புறம் சனி இரவு வரை தீ மூட்டக் கூடாது, யூத வேதமான தோராவின் கட்டளை. இன்ஜினுக்குள் எரிவதும் தீதானே என்று பழைய சட்டத்தை அப்படியே கடைப்பிடிக்கும் ஆர்த்தடாக்ஸ் யூதர்கள் ஜெபத்துக்கு நடந்தே போகிறார்கள். அதற்காகவே ஜெப ஆலயத்துக்குப் பக்கத்தில் வீடு பார்ப்பார்கள். நடுவழியில் போகும் அமெரிக்கக் கன்சர்வேடிவ் பிரிவு 1950-இல், ஜெப ஆலயம் போக மட்டும் ஓட்டலாம் என்றது. 19-ஆம் நூற்றாண்டு ஜெர்மனியில் கிளைத்த சீர்திருத்தப் பிரிவோ அவரவர் முடிவுக்கு விட்டுவிட்டது. சரி, அடுத்து யூதச் சட்ட விளக்க நூலான தால்முத் பற்றியும் எழுதுங்கள். ஓய்வுநாளில் விலக்கப்பட்ட 39 வேலைகளின் பட்டியல் அதில்தான் இருக்கிறது.

- ஒரு வாசகர், மதுரை