முதலில் பெல்ட், அப்புறம்தான் எண்

சிங்கப்பூர்

அன்புள்ள மச்சான்,

உன் கடிதமும் படங்களும் கிடைத்தன. முழங்கால் அறுவை முடிந்து அம்மா நடக்க ஆரம்பித்துவிட்டார் என்று படித்ததும் மனசு லேசானது. இங்கே எல்லாரும் நலம். மகள் பாலிடெக்னிக்கில் சேர்ந்துவிட்டாள். சுங்கை காடுட் பட்டறையில் வேலைக்குக் குறைவில்லை. தீபாவளி நெருங்குவதால் வாசலுக்குப் பெயர்ப்பலகை, கோலப்பலகை என்று ஆர்டர் வந்துகொண்டே இருக்கிறது.

சரி, பலகை வெட்டும் உன் சிஎன்சி ரவுட்டர் மெஷின் விஷயம். வட்டம் வெட்டினால் முட்டை மாதிரி வருகிறது, ஓரமெல்லாம் பிசிறு, மென்பொருளில் நகர்வு அளவுக்கான எண்ணை மாற்றி மாற்றிப் பார்த்தும் அடங்கவில்லை என்கிறாய். எண்ணில் கை வைப்பதை இப்போதைக்கு நிறுத்து மச்சான். பெல்ட்டில் ஓடும் மெஷினில் ஆட்டம் இருக்கும்வரை எந்த எண்ணும் நிற்காது.

மின்சாரத்தை அணைத்துவிட்டு, வெட்டும் பிட்டைச் சுழற்றும் ஸ்பின்டிலைக் கையால் பிடித்து ஆட்டிப் பார். டக்கென்று சத்தம் கேட்டால் அதைத் தாங்கி ஓடும் சக்கரங்கள் தளர்ந்திருக்கின்றன. சக்கரத்தின் அச்சில் துளை மையத்திலிருந்து விலகிய ஒரு நட்டு இருக்கும், அதைத் திருப்பி இறுக்கு. சக்கரம் விரலால் சுற்றக் கொஞ்சம் சிரமப்பட வேண்டும், அவ்வளவு போதும். அடுத்து மோட்டார் புல்லி, அதாவது பெல்ட்டை இழுக்கும் பல் சக்கரம். அதன் சின்ன ஸ்க்ரூ தளர்ந்தால், மெஷின் திசை மாறும் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் பின்தங்கும். உன் படத்தில் வட்டத்தின் நாலு பக்கமும் தட்டையாகத் தெரிகிறதே, அங்கேதான் எக்ஸ் (இடம் வலம்) அல்லது ஒய் (முன் பின்) ஓட்டம் திசை திரும்புகிறது. மார்க்கரால் தண்டையும் புல்லியையும் சேர்த்து ஒரு கோடு போடு. ஒரு வேலை ஓட்டிய பிறகு கோடு உடைந்திருந்தால் புல்லி வழுக்குகிறது என்று அர்த்தம்.

பெல்ட் இழுவைக்குத்தான் அதிக நேரம் கொடுக்க வேண்டும். ஊருக்குப் போகும்போது பெட்டி எடை பார்க்கும் கைத்தராசு உன் வீட்டிலும் இருக்குமே, அதை எடு. ஒய் பக்கத்து இரண்டு பெல்ட்டிலும் ஒரே இடத்தில் கொக்கியை மாட்டி, 20 மில்லிமீட்டர் உயரம் தூக்கி, எடையைப் படி. இரண்டும் ஒரே எண் காட்ட வேண்டும். ஒன்று இறுக்கம், ஒன்று தளர்வு என்றால் குறுக்குச் சட்டம் கோணலாகவே ஓடும். ரொம்ப இறுக்கிவிடாதே, மோட்டார் பேரிங்குக்கு ஆகாது. பெல்ட் நீளம் கூடக் கூட நெகிழ்வும் கூடும்; 6 மில்லிமீட்டர் அகலப் பெல்ட்டை 9-க்கு மாற்றினாலே வித்தியாசம் தெரியும்.

இதெல்லாம் முடிந்தபின் பலகையின் நாலு மூலையிலும் வி வடிவக் கூர்முனைப் பிட்டால் புள்ளி குத்தி, மூலைவிட்டம் இரண்டையும் அள. சமமாக இருந்தால் சட்டம் நேர்.

இப்போது எண்ணுக்கு வரலாம். ஒரு சுற்றை 200 ஸ்டெப்பாகச் சுற்றும் மோட்டார், ஒவ்வொரு ஸ்டெப்பையும் பிரிக்கும் 8 மைக்ரோஸ்டெப், 20 பல் புல்லி, 2 மில்லிமீட்டர் பல் இடைவெளி: ஒரு சுற்றுக்கு 1600 ஸ்டெப், 40 மில்லிமீட்டர் நகர்வு. ஆக மில்லிமீட்டருக்கு 40 ஸ்டெப். 500 நகரச் சொல்லி 499 நகர்ந்தால் 40 × 500 ÷ 499, அதாவது 40.08. மெஷினை ஓட்டும் ஜிஆர்பிஎல் மென்பொருளில் இந்த எண்ணைப் போடும் வரி எக்ஸுக்கு $100, ஒய்க்கு $101. தனித்தனியாகப் பார். வெட்டிய துண்டை அளந்து கணக்குப் போடாதே, பிட்டின் தடிமனும் ஆட்டமும் அதில் கலந்துவிடும். புள்ளிக்குப் புள்ளி அள.

பிசிறுக்குக் காரணம் வேறு. மேல்நோக்கி இழுக்கும் பிட் பிளைவுட்டின் மேல்தோலைக் கிழிக்கும். கீழ்நோக்கித் தள்ளும் பிட்டை வாங்கு. ஓரத்தில் 0.3 மில்லிமீட்டர் மிச்சம் விட்டு வெட்டி, கடைசியாக முழு ஆழத்தில் ஒரே ஒரு மெல்லிய சுற்று ஓட்டு. பெல்ட் மெஷினுக்கு இதைவிட நல்ல வைத்தியம் எனக்குத் தெரியாது. பிட்டிலிருந்து சுருள் வராமல் மாவாகக் கொட்டினால் வேகம் போதாது. பிட்டில் இரண்டு வெட்டுமுனை, நிமிடத்துக்கு 18,000 சுழற்சி, முனைக்கு 0.04 மில்லிமீட்டர் என்றால் நிமிடத்துக்கு 1440 மில்லிமீட்டர் ஓட வேண்டும். ஓட்டம் தாங்காவிட்டால் சுழற்சியைக் குறை.

இங்கே ஈரப்பதம் வருடச் சராசரியே 80 சதவீதத்துக்கு மேல். மெஷினின் அடிப்பலகை, மரநாரை அழுத்திச் செய்த எம்டிஎஃப், உப்பிவிடுகிறது; அவ்வப்போது சீவிச் சமன் செய்கிறேன். உனக்கு அந்தத் தொல்லை குறைவு.

பலகை வேலைக்கு முன் ‘ட’வும் ‘ஃ’ம் வெட்டிப் பார்ப்பது என் வழக்கம். ‘ட’வின் மூலையில் மூலைமட்டத்தை வைத்தால் நேர் தெரிந்துவிடும். ‘ஃ’ மூன்று வட்டமும் காலிப்பரில் எப்படித் திருப்பினாலும் ஒரே அளவு காட்ட வேண்டும். அது இரண்டும் தேறினால் ‘ழ’வின் வளைவும் ‘ஞ’வின் சுழியும் தானாக வரும். நம் எழுத்தில் வளைவுதான் அழகு, அதைத் தட்டையாக வெட்டிக் கொடுக்க எனக்கு மனம் வராது.

பொங்கலுக்கு ஊருக்கு வருகிறேன். இங்கே எலக்ட்ரானிக்ஸ் கடைகள் இருக்கும் சிம் லிம் டவரில் பார்த்து 9 மில்லிமீட்டர் பெல்ட்டும் அதற்கேற்ற புல்லியும் வாங்கி வருகிறேன். ஒய் பெல்ட் இரண்டின் நீளத்தையும் மோட்டார் தண்டின் விட்டத்தையும் அளந்து எழுது.

அன்புடன்,
உன் நண்பன்