மீன் தொட்டிக்குக் கல் எடுக்கப் போகும் மகளுக்கு

கண்ணு,

நீ அனுப்பிய படத்தில் இருக்கும் சாம்பல் நிறக் கல், வெள்ளை வரி ஓடியது, பார்க்க அழகுதான். ஆனால் கடைகளில் அந்த மாதிரி விற்பது பெரும்பாலும் சுண்ணாம்புக்கல். நீ விட நினைப்பதோ நியான் டெட்ரா மீன். அதற்கு உப்பு குறைந்த தண்ணீர் வேண்டும். அந்தக் கல் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து தண்ணீரின் கடினத்தன்மையை ஏற்றிக்கொண்டே இருக்கும். கப்பி, மோலி வளர்ப்பதாக இருந்தால் நானே வாங்கிக்கொள் என்றிருப்பேன்.

உன்னுடைய 2 அடி தொட்டிக்கு 8 முதல் 10 கிலோ கல் போதும். 3 கிலோ சுமாருக்கு ஒரு பெரிய கல், அதில் பாதி அளவில் இரண்டு, மீதியெல்லாம் கைக்குள் அடங்கும் துண்டுகள். எல்லாம் ஒரே இடத்துக் கல்லாக இருக்கட்டும். நாலு நிறம் கலந்தால் தொட்டி நர்சரி வாசல் மாதிரி ஆகிவிடும்.

நோம்பிக்கு வரும்போது நம் கிணற்று மேட்டிலேயே பொறுக்கிக்கொள்ளலாம். வெடி வைத்து எடுத்த கல் என்பதால் முகமெல்லாம் மலைச்சரிவு போல உடைந்திருக்கும். மருந்தடிக்கிற டேங்க் கழுவும் பக்கம் கிடப்பதை மட்டும் தொடாதே. அதுவரை பொறுக்காது என்றால், அங்கே சென்னையிலேயே அஸ்திவார வேலை நடக்கிற இடத்தில் மேஸ்திரியிடம் கேள். நாலு கருங்கல்லுக்கு யாரும் காசு கேட்கமாட்டார்கள். பல்லாவரம், பரங்கிமலைப் பக்கத்துக் கல் நனைந்தால் நீலம் கலந்த கறுப்பாகத் தெரியும். கல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறையில் இருப்பது இந்த வகைக் கல். அதை வைத்துத்தான் புவியியலாளர் தாமஸ் ஹாலண்ட் இதற்குச் சார்னோகைட் என்று பெயரிட்டார். ஆற்றுப் படுகையிலும் காட்டிலும் எடுக்காதே. கடற்கரையில் பவளக்கல் கிடைத்தாலும் வேண்டாம். 1972 வனவிலங்குச் சட்டத்தில் பவளத்துக்குப் பாதுகாப்பு உண்டு.

கல்லில் சுண்ணாம்பு இருக்கிறதா என்று சோதிப்பதில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். கல்லின் மேல்தோலில் வினிகர் விட்டுவிட்டு, பொங்கவில்லை, நல்ல கல் என்பார்கள். மேலே அழுக்கும் பாசியும் இருந்தால் எது பொங்கும்? ஒரு மூலையை உடைத்துப் புது முகத்தில் விடு. காதருகே வைத்துக் கேள், மெல்லிய சீறல்கூடச் சுண்ணாம்புதான். பாத்ரூம் ஆசிட் இன்னும் தெளிவாகக் காட்டும். மொட்டை மாடியில், கையுறை போட்டு, இரண்டு சொட்டு போதும். அந்த ஆசிட்டும் பிளீச்சிங் பவுடரும் ஒரே வாளியில் சேரவே கூடாது, விஷவாயு கிளம்பும்.

வெள்ளைக் கல்லில் இன்னொரு வம்பு. சேலத்து மேக்னசைட் தாதும், தொட்டிக்கு ஒத்துவரும் வெங்கச்சங்கல்லும் (குவார்ட்ஸ்) தூரத்தில் ஒன்றுபோலவே தெரியும். மேக்னசைட் குளிர்ந்த வினிகரில் பொங்காமல் உன்னை ஏமாற்றும், தொட்டியில் போட்டால் மெதுவாக வேலையைக் காட்டும். கத்தி முனையால் அழுத்திக் கீறு. மேக்னசைட்டில் முனை இறங்கி வெள்ளைப் பொடி உதிரும். வெங்கச்சங்கல்லில் கத்திதான் தேயும். சாம்பல் நிறத்தில் ஒரு கோடு விழும், நகத்தால் தடவினால் பள்ளம் இருக்காது.

அதற்கப்புறமும் சந்தேகம் என்றால் வாளிச் சோதனை. இரண்டு வாளியில் 5 லிட்டர் ஆர்ஓ தண்ணீர், ஒன்றில் மட்டும் 2 கிலோ கல், இரண்டையும் மூடி வை. ஏழாம் நாள், கரைந்த உப்பைக் காட்டும் டிடிஎஸ் மீட்டரால் பார். பத்துப் புள்ளி வித்தியாசம் கல்தூசியால் வரும். ஐம்பதைத் தாண்டினால் அது தோட்டத்துக்கு. துரு வரி, பச்சைக் கறை, தங்கம் போல மின்னும் மணி உள்ள கல்லைச் சோதிக்கவே வேண்டாம், ஒதுக்கிவிடு. காக்காப்பொன் (மைக்கா) மின்னினால் பயமில்லை, கொஞ்சம் செதில் உதிரும், அவ்வளவுதான். செம்புரைக்கல் வேண்டாம், உதிர்ந்து தண்ணீரைக் கலக்கும்.

கழுவச் சோப்பு வேண்டாம், கல்லின் துளையில் தங்கிவிடும். கெட்டியான பிரஷ்ஷால் தேய்த்து, கொதிக்கும் தண்ணீரை மேலே ஊற்றி, நாலு நாள் வெயிலில் காயவை. கல்லைப் பாத்திரத்தில் போட்டு வேகவைக்காதே. உள்ளே தங்கிய ஈரம் ஆவியாகி வெடித்தால் கண் போய்விடும்.

அடுக்கும்போது மணலுக்கு முன் கல். கண்ணாடி மேல் மெல்லிய ஃபோம் ஷீட் விரித்து, அதன்மேல் கல்லை உட்காரவைத்து, பிறகு மணலைக் கொட்டு. மணல்மேல் வைத்தால் மணல் நகர நகரக் கல் சாயும். சுற்றிலும் கண்ணாடிக்கும் கல்லுக்கும் நாலு விரல் இடைவெளி விடு, இல்லாவிட்டால் பாசி துடைக்கக் கை போகாது. கல்லில் ஓடும் வரிகள் எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்திருந்தால் ஒரே பாறை உடைந்து கிடப்பதுபோல் இருக்கும். ஆடுகிற கல்லுக்கு அடியில் பஞ்சு வைத்து ஃபெவிக்விக் விடு, நொடியில் இறுகும். பஞ்சு சூடாகிப் புகையும், விரலை எடுத்துக்கொள்.

10 கிலோ கருங்கல் கிட்டத்தட்ட 4 லிட்டர் தண்ணீரின் இடத்தைப் பிடிக்கும். விளிம்புக்குக் கீழ் ஓர் அங்குலம் விட்டு, மணலையும் கழித்தால் உன் 54 லிட்டர் தொட்டியில் நிற்பது 42 லிட்டர் சுமார்தான். மீனுக்கு மருந்து போடும்போது அந்தக் கணக்கைத்தான் எடுக்க வேண்டும்.

முதல் மாதம் கல்மேல் பழுப்புப் பாசி படியும். கல் கெட்டது என்று எல்லாவற்றையும் எடுத்துக் குழாயில் கழுவிவிடாதே, அதில் ஒட்டிய நல்ல கிருமியும் போய்விடும். தொட்டியிலேயே பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்தால் போதும்.

தண்ணீர் ஊற்றுவதற்கு முன் ஒரு படம் அனுப்பு. நேராக எடு, மேலிருந்து ஒன்றும் எடு.

அப்பா