குப்பங்களையும் தனித்தனியே எண்ணுங்கள்

ஆசிரியருக்கு,

2027 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு முதல் முறையாக மின்னணு வழியில் நடக்கும் என்ற செய்தியைத் தங்கள் நாளிதழில் படித்தேன். நல்லது. ஆனால் பழவேற்காடு போன்ற ஏரிக்கரை ஊர்களுக்குக் கருவி மாறினால் மட்டும் போதாது, எண்ணும் அலகும் மாற வேண்டும். ஒடிசாவின் சிலிகா ஏரிக்கு அடுத்து நாட்டின் பெரிய உவர்நீர் ஏரி இது. ஏரிக்கும் கடலுக்கும் நடுவே நீளும் மணல்திட்டில் குப்பம் குப்பமாக மீனவர்கள் வாழ்கிறார்கள். கணக்கெடுப்போ பல குப்பங்கள் அடங்கிய வருவாய் கிராமத்தை மட்டுமே காட்டுகிறது. எந்தக் குப்பத்தில் எத்தனை பேர் என்று கேட்டால் பதில் கிடைக்காது.

ஒரு புயலின்போது நிவாரண அரிசி வந்தது. பட்டியலில் இருந்தது வருவாய் கிராமத்தின் பெயரும் ஒரு மொத்த எண்ணும்தான். கடைசியில் ஊர்ப் பெரியவர் ஒருவர், யாருக்கு எப்போது வலை வீசும் உரிமை என்று குறித்து வைத்திருக்கும் பாடு நோட்டை எடுத்து வந்தார். அதைப் பார்த்துத்தான் மூட்டைகளைப் பிரித்தார்கள். அரசுக் கணக்கைவிட அந்த நோட்டு உதவியது என்பது உண்மை. சரி, அதிலும் எல்லாரும் இல்லையே. அந்தப் பாடு உரிமை இல்லாத வீடுகளும், சேற்றில் கையால் துழாவி இறால் பிடிக்கும் இருளர் குடும்பங்களும் அதில் வருவதில்லை. கணக்கெடுப்பாளர் கையில் இப்போது செல்போன் இருக்கப் போகிறது. அதில் குப்பத்தின் பெயருக்கு ஒரு கட்டம் சேர்த்து, ஒவ்வொரு குப்பத்தின் மக்கள்தொகையையும் தனியே வெளியிட அரசு ஆவன செய்ய வேண்டும்.

– வாசகர், பொன்னேரி