வெள்ளவத்தை வீட்டுக்கு ஒரு நன்றி மடல்

அன்புள்ள மாமி, மாமா, மச்சாள், மேல்வீட்டு அன்ரி, எங்கள் ஒழுங்கைக்காரர் எல்லோருக்கும்,

கல்யாணம் முடிந்து மதுரையிலிருந்து நான் கொழும்புக்கு வந்தது 2022 தை மாதம். விமானத்தில் ஒரு மணி நேரம்தான். வெள்ளவத்தையில், காலி நகருக்குப் போகும் காலி வீதியில் இறங்கினால் தமிழ்க் கடை, தமிழ்ப் பலகை. புதிதாகப் பழக என்ன இருக்கப்போகிறது என்றுதான் நினைத்தேன்.

முதல் வாரமே, "நேற்று ராத்திரி அத்தை என்கிட்ட ரொம்ப நேரம் பேசினாங்க" என்று மச்சாளிடம் சந்தோஷமாகச் சொன்னேன். மச்சாளின் முகம் வாடிவிட்டது. நேரே குசினிக்குப் போய், "ஏனம்மா அவவைப் பேசினனீங்கள்?" என்று கேட்டா. யாழ்ப்பாணத்தாருக்குப் பேசுவது என்றால் ஏசுவது, சாதாரணமாகப் பேசுவதற்குக் கதைப்பது என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. அழுகை வந்துவிட்டது. மாமி, நீங்கள் சிரிக்கவில்லை. என் கையைப் பிடித்து, "உன்ர தமிழும் தமிழ்தான் பிள்ளை. நீ உன்ர மாதிரியே கதை, நாங்கள் பழகுவம்" என்றீர்கள். அதற்கு இன்றுவரை நான் வாய்விட்டு நன்றி சொன்னதில்லை. நான் அத்தை என்று கூப்பிட்டாலும் திரும்பினீர்கள், மாமி என்றாலும் திரும்பினீர்கள்.

அப்புறம் பங்குனி வந்தது. நாட்டில் பொருளாதார நெருக்கடி; சமையல் காஸ் இல்லை. மாதக் கடைசியில் மின்வெட்டு 13 மணி நேரம். மொட்டை மாடியில் மூன்று கல்லை வைத்து விறகு மூட்டினோம். என் முதல் சொதி அந்த அடுப்பில்தான். வெங்காயமும் பச்சை மிளகாயும் தேங்காயின் இரண்டாம் பாலில் வெந்த பிறகு முதற்பாலை விடச் சொன்னீர்கள். "துழாவிக்கொண்டே இரு, திரைஞ்சு போகும். தேசிக்காய்ப் புளி இறக்கின பிறகுதான்." புகையில் கண் எரிய, என் தோளுக்குப் பின்னால் கடைசிவரை நின்றீர்கள்.

அந்த இருட்டு இரவுகளில்தான் மேல்வீட்டு அன்ரி மெழுகுவர்த்தியோடு படிக்கட்டில் வந்து உட்காருவா. அவவுக்குத் தமிழ் பத்துச் சொல்தான் தெரியும், எனக்குச் சிங்களம் ஒன்றும் தெரியாது. "நங்கி", அதாவது தங்கச்சி, என்று கூப்பிட்டு, விலை கேட்க 'கீயத', பஸ்ஸில் இறங்க 'பஹினவா' என்று ஒவ்வொன்றாகச் சொல்லித் தந்தா. முதல் தடவை தனியாக 100ஆம் நம்பர் பஸ்ஸில் புறக்கோட்டைக்குப் போய்த் திரும்பி, வெள்ளவத்தை வந்ததும் 'பஹினவா' என்று சத்தமாகச் சொன்னேன். பஸ் நின்றது. வீட்டுக்கு வந்து முதலில் தட்டியது அன்ரியின் கதவைத்தான். மறுவருட வெசாக் பண்டிகைக்கு என்னைத் தன்சல் என்ற அன்னதான வரிசையில் தன்னோடு நிறுத்திக்கொண்டதும் அவதான். யார் எவர் என்று கேட்காமல் சோறு போட்டார்கள்.

விசா புதுப்பிக்கும்போதெல்லாம் என்னோடு பத்தரமுல்லைக்கு அலைந்த மாமாவுக்கும், 57ஆம் ஒழுங்கையில் கொழும்புத் தமிழ்ச் சங்க நூலகத்துக்கு முதல் நாள் கூட்டிக்கொண்டுபோன மச்சாளுக்கும் நன்றி. என் கணவருக்கான நன்றியை வீட்டுக்குள்ளேயே சொல்லிக்கொள்கிறேன்.

அடுத்த மாதம் அம்மா மதுரையிலிருந்து வருகிறார். "உன்னை அங்கே யார் பார்த்துக்கிறாங்க?" என்று நான்கு வருடமாகப் போனில் கேட்டவர். ஞாயிறு காலை இடியப்பம், சம்பல். சொதி நான் வைக்கிறேன். எல்லோரும் கட்டாயம் வாங்கோ. அன்ரிக்கு நானே மேலே போய்ச் சிங்களத்தில் சொல்லிவிட்டு வருகிறேன்.

அன்புடன்,
உங்கள் மதுரை மருமகள்